ஒராளைத்தான் கேட்டார்கள்

உடற்கல்வி ஆசிரியர்களாகப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மட்டையை எப்படிப் பிடிப்பது, பந்தை எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் நீண்ட காலம் ஹொக்கி பழக்கினேன். என் அணிகள் பெரிதாக எதையும் வென்றதில்லை. இன்று ஒரேயொரு பருவத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதிலும் நாங்கள் எதையும் வெல்லவில்லை.

இதை நினைக்க வைத்தது என் அக்காவின் மகன். அவன் கனடாவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறான். அவனுடைய பையன் பனித்தரையில் ஆடும் ஹொக்கியில் சேர்ந்திருக்கிறானாம். அங்கே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தாய் தகப்பனை விட்டு வேறு ஊருக்குப் போய், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கி, குளிர்காலம் முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விளையாடுவார்களாம். நம்ப முடிகிறதா சித்தி என்று கேட்டான். எனக்கு நம்ப முடிந்தது. என் வீட்டிலும் அப்படி ஒருத்தி ஒரு பருவம் தங்கியிருந்தாள். அவள் தங்கியது விளையாட்டுக்காக மட்டும் அல்ல.

அவள் பெயர் தயாளினி. எங்கள் அணியின் கோல் கீப்பர். சுனாமி அவளுடைய தாயையும் தம்பியையும் கொண்டுபோய்விட்டது. தகப்பன் கடல்தொழில் செய்தவர். அன்று காலை கடலை விட்டு உள்ளே இருக்கும் வாவிப் பக்கம் நின்றதால் தப்பினார். அதன்பின் அவர் கடல் இருக்கும் திசைக்கு முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வாவியைத் தாண்டி, மேற்கே படுவான்கரையில் இருந்த தன் அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டார். அக்காவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அந்த வயல் வட்டையில் வேலை செய்துகொண்டு, கடல் இரைச்சல் காதில் விழாத இடத்தில் மகளை வளர்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அந்த வீட்டில் அக்காவின் மகள் கௌரி இருந்தாள். கௌரிக்கும் தயாளினியின் வயதுதான். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் தலைவாரி வளர்ந்தார்கள் என்று பின்னால் அறிந்தேன்.

தயாளினி மட்டும் படிப்பை விடவில்லை. தினமும் துறையில் ஓடம் ஏறி, இக்கரையில் பஸ் பிடித்துப் பாடசாலைக்கு வந்தாள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கல்லடிப் பக்கம் ஒரு கடலோரப் பாடசாலை மைதானத்தில் நட்புப் போட்டி வைத்தோம். பிள்ளைகள் மறுபடியும் அந்தப் பக்கம் போய்ப் பழகட்டும் என்பதுதான் எங்கள் நோக்கம். முதல் பாதி நன்றாகத்தான் போனது. இரண்டாம் பாதியில் மதிலுக்கு வெளியே யாரோ "கடல் வருது" என்று கத்தினார்கள். அந்த ஒரு குரலோடு தெரு முழுவதும் எழுந்துவிட்டது. சைக்கிள்கள், ஓட்டோக்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மார், எல்லாரும் பாலத்தை நோக்கிப் போனார்கள். என் பிள்ளைகளும் மட்டைகளைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடத் தொடங்கினார்கள்.

அந்தப் பழைய பாலத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு வாகனம் எதிரெதிரே வந்தால் போக முடியாத ஒடுங்கிய இரும்புப் பாலம். அத்தனை சனமும் அதில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. சென்ற முறை அலை அதன் கீழ்த்தளத்தோடு நின்றிருந்தது; சுவரில் அந்தக் கறை இன்னும் இருந்தது. இந்த முறை அதைவிட உயரமாக வந்தால்? அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை. மாடிக்கு ஏறுங்கள் என்று சொன்னேன். எங்கள் தலைவி ஷெரின் வாசலை மறித்து நின்று எல்லாரையும் திருப்பினாள். ஷெரின் டவுனில் இருக்கும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. உயரமானவள், அதிகம் பேசமாட்டாள். அவள் கையை நீட்டினால் மற்றவர்கள் போவார்கள்.

தயாளினி மட்டும் வரவில்லை. கோலுக்குள் நின்ற இடத்திலேயே நின்றாள். காலில் கட்டியிருந்த தடுப்புப் பட்டைகளோடு அவளால் ஓட முடியாது. ஆனால் அவள் ஓட முயற்சி செய்யவும் இல்லை. கடல் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மைதானத்தின் நீளத்தை நான் நடந்தேன். ஓட வேண்டும் போல இருந்தது. நான் ஓடினால் அவள் உடைந்துவிடுவாள் என்று ஏனோ தோன்றியது. முழங்காலில் இருந்து பட்டையின் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசி வார் கழலவே மாட்டேன் என்றது. "எனக்கு ஓடேலாது டீச்சர்" என்றாள். நடக்கலாம் என்றேன். முதுகுக்குப் பின்னால் எந்தச் சத்தம் கேட்டாலும் தண்ணீர் என்றே நினைத்தேன். இரண்டு பேரும் நடந்துபோய்ப் படியேறினோம்.

கடல் வரவில்லை. வெறும் வதந்தி. பாலத்தில் நெரிபட்டு விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். பயந்துபோன பிள்ளையின் காதில் உங்கள் வார்த்தை ஏறாது. உங்கள் முகத்தையும் காலையும்தான் அது பார்க்கும். அன்று நான் கற்றது இவ்வளவுதான். அது எவ்வளவு சின்னப் பாடம் என்பது அடுத்த வருஷம் தெரிந்தது.

அடுத்த வருஷம் சண்டை மறுபடி தொடங்கியது. படுவான்கரையில் ஷெல் விழும் சத்தம் வகுப்பறையில் கேட்டது. அதைவிடப் பயம் சத்தமில்லாமல் வந்த வான் வண்டிகளில்தான். ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒரு பக்கமாக இருக்கவில்லை. யார் யாருடைய ஆள் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டோம். அவர்கள் வீடு வீடாகப் போய், சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் என்று கேட்டார்கள். ஆண் பெண் பார்க்கவில்லை. ரியூசன் வகுப்புக்குப் போன பிள்ளை திரும்பாது. கோயிலுக்குப் போன பிள்ளை திரும்பாது. மாலையில் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் தாய்மார் பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு நாள் தயாளினியின் தகப்பன் பாடசாலைக்கு வந்தார். அக்கா வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றும், இரண்டு குமர்ப் பிள்ளைகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார். கடலுக்குப் பயந்து அங்கே கொண்டுபோனேன், இப்போது எங்கே கொண்டுபோவது என்று கேட்டார். பருவம் முடியும்வரை அவள் என்னோடு இருக்கட்டும் என்றேன். நாவற்குடாவில் இருந்த என் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அப்படித்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்தோம். நாய் குரைத்தால் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள். நான் கேட்காதது போல இன்னொரு கரண்டி சோறு வைப்பேன். என் கணவர் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

அந்த முறை மாகாணத்தில் எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்து, கண்டியில் நடக்கும் தேசிய மட்டப் போட்டிக்குத் தெரிவானோம். போவதா விடுவதா என்று பாடசாலை அதிபரிடம் கேட்டேன். போகவேண்டாம் என்று சொல்லிவிடுவார், அந்தப் பொறுப்பு என் தலையை விட்டு இறங்கும் என்றுதான் நினைத்தேன். அவர் மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போகாட்டியும் அவங்க வருவாங்க. போனா நாலு நாளைக்காவது புள்ளைகள் தூரத்தில இரிப்பாளுகள்." இத்தனை வருஷ வேலையில் நான் கேட்ட நல்ல ஆலோசனைகளில் அது ஒன்று. அதில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. அதனால்தான் அது நல்ல ஆலோசனை.

போகும் நாளை யாருக்கும் சொல்லவில்லை. பெற்றோருக்கே முதல் நாள்தான் அறிவித்தோம். தயாளினி அன்று தகப்பனிடம் சொல்ல ஓடம் ஏறிப் போய், இருட்டுமுன் திரும்பி வந்தாள்.

பஸ் ஓடியவர் நவம் அண்ணன். எங்கள் பாடசாலைப் பயணங்களுக்கு எப்போதும் அவர்தான் வருவார். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபிறகே புறப்பட்டோம். பிள்ளைகள் முதலில் பாடினார்கள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வாசலை நெருங்கும்போது ஒரு வெள்ளை வான் எங்களை முந்தியது. இலக்கத்தகடு இல்லை. பாட்டு தானாக நின்றது. வானின் ஜன்னலில் இருந்து ஒரு கை நீண்டு, முன்னால் தெரிந்த ஒரு மண் ஒழுங்கையைக் காட்டியது. அதற்குள் திருப்பு என்று அர்த்தம்.

நவம் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ன செய்ய டீச்சர்?"

அந்த ஒழுங்கை வாவிக்குப் போகிறது. அதற்குள் போனால் மரங்களும் வயலும்தான். பார்ப்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். திருப்பவேண்டாம், இதிலேயே றோட்டுக்குக் குறுக்கே நிறுத்துங்கள் என்றேன். அவர் பஸ்ஸைக் குறுக்காகத் திருப்பி இரண்டு பக்கமும் அடைத்தபடி நிறுத்தினார். பின்னால் வந்த பஸ்ஸும் லொறிகளும் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. வாசலில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு இளைஞன் ஏறினான். இருபது வயதுகூட இருக்காது. சட்டைக்குக் கீழே துப்பாக்கி துருத்திக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் வியர்வை வழிந்தது. என் பக்கத்து இருக்கையில், ஏதோ விசாரிக்க வந்த ஆள் போல உட்கார்ந்தான். தயாளினியின் பெயரைச் சொன்னான்.

"பயப்பிடாதீங்க டீச்சர். ஒராளைத்தான் கேக்கிறம். மத்த ஆக்கள் போகலாம்."

இப்படி ஒரு நேரம் வந்தால் என்ன சொல்வது என்று நான் எத்தனையோ முறை மனதுக்குள் பேசிப் பார்த்திருந்தேன். அவள் வரவில்லை என்று சொல்வேன். வேறு பெயர் சொல்வேன். அவன் காலில் விழுவேன். கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"மெட்ச் இரிக்கு தம்பி."

அவன் என்ன என்று கேட்டான்.

"நாளைக்குக் கண்டியில மெட்ச் இரிக்கு. அவதான் கோல் கீப்பர். அவ இல்லாட்டி விளையாடேலா."

அவள் பஸ்ஸில் இருக்கிறாள் என்பதை நானே சொல்லிவிட்டேன் என்று அதன்பிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் எழுந்து பின்னால் திரும்பினான். தயாளினி மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம், கோல் கீப்பரின் பெரிய பையை மடியில் வைத்து அதற்குப் பின்னால் குனிந்திருந்தாள். அப்போது ஷெரின் தன் இருக்கையில் இருந்து எழுந்தாள். நடுவழியில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. ஒருத்தி அழுதுகொண்டே நின்றாள். அவன் மூன்றாவது வரிசைக்குப் போவதென்றால் அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

அவன் கை சட்டைக்கு அடியில் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன? மூடிக்கொண்டேன். ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முன்னால் நின்ற வான் இரண்டு தரம் அடித்தது. கண்ணைத் திறந்தபோது அவன் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் ஒரு இராணுவ ட்ரக் வந்துகொண்டிருந்தது. அவன் இறங்கினான். படியில் நின்று திரும்பி, அதே மரியாதையோடு சொன்னான்.

"திரும்பி வரத்தானே வேணும் டீச்சர்."

றோட்டை அடைத்து நிறுத்தியது கெட்டித்தனம் என்று பிறகு பலர் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போக வருபவனுக்குத் தேவை ஆளில்லாத இடம். அதை அவனுக்குக் கொடுக்காதீர்கள். அந்த அளவில் அது சரி. ஆனால் அந்த ட்ரக் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால், இரண்டு பக்கமும் சுட்டுக்கொள்ள, நடுவில் என் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நிறுத்தச் சொன்னபோது அது என் புத்திக்கு எட்டவே இல்லை. நல்லபடியாக முடிந்த தீர்மானங்களையெல்லாம் நல்ல தீர்மானங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கண்டியில் முதல் ஆட்டம் சமநிலை, இரண்டாவதில் தோற்றோம். பந்து மறுபாதிக்குப் போன ஒவ்வொரு முறையும் தயாளினி மைதானத்தின் வாசலைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. ஒருத்தியும் அவளைக் குறை சொல்லவில்லை. எல்லாருமே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்களைத் தங்கவைத்த விடுதியைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் தோட்டப் பகுதியில் இருந்து வந்தவர், நல்ல தமிழ் பேசுவார். நடந்ததைச் சொன்னேன். பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போகலாம், பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இருக்கிறது என்றார். அதிகம் விசாரிக்கவில்லை.

தகப்பனைக் கேட்க வழியில்லை. படுவான்கரைக்கு எந்தத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அதிபரிடம் மட்டும் பேச முடிந்தது. விட்டுவிட்டு வரச் சொன்னார். தாயையும் தம்பியையும் இழந்த ஒரு பிள்ளையை, அவளுக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே மனிதரைக் கேட்காமல், மொழி தெரியாத ஊரில் விட்டுவிட்டுப் போவதா என்று அன்று மாலை முழுவதும் விடுதி முற்றத்தில் நடந்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"ஒரு வீட்டுக்கு ஒராள் எண்டுதான் சொன்னவங்க டீச்சர். நான் போகாட்டி கௌரியைக் கொண்டு போவாங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அவள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் அதுதான் வழக்கம். கௌரியை நான் பார்த்ததே இல்லை. ஒரு பெயர் மட்டும்தான். அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சொன்ன பதில் இது:

"நீ எண்ட கையில இரிக்கிறாய். கௌரி இல்ல."

அந்த வீட்டுக்குச் செய்தி அனுப்பி, கௌரியை எங்காவது மறைக்கச் சொல்லும்படி அதிபரைக் கேட்டேன். அவர் ஆள் அனுப்பினார். சண்டையால் துறை மூடியிருந்தது. போனவர் இக்கரையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

வந்த வழியே போகமுடியாது. நவம் அண்ணன் மகியங்கனை, அம்பாறை என்று சுற்றி, கல்முனையால் தெற்கில் இருந்து ஊருக்குள் கொண்டுவந்தார். பாதை முழுவதும் ஒரு வெள்ளை வான் தெரிந்தால் பஸ் அமைதியாகிவிடும். பால் வண்டி, பூ ஏற்றிய வண்டி, கல்யாண வீட்டுக்குப் போகும் சனம், எல்லாவற்றுக்கும் பயந்தோம். ஒவ்வொரு பிள்ளையையும் அவளவள் வீட்டு வாசலில் தாயின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். ஷெரின் கடைசியாக இறங்கினாள். இறங்கியதும் தெருவோரத்தில் குந்தி வாந்தி எடுத்தாள். அந்தப் பிள்ளை அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் நாவற்குடாவுக்கு வான் வந்தது. அதே இளைஞன். வாசல் கேற்றுக்கு வெளியிலேயே நின்றான். ஒராள் குறைகிறதே என்றான். அவளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். எந்த ஊர் என்று கேட்பான், சொல்லாவிட்டால் அடிப்பான் என்று காத்திருந்தேன். என் கணவர் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்று மட்டும் சொல்லிப் போய்விட்டான். அவன் துப்பாக்கிக்குப் பயந்ததைவிட அந்தச் சரிக்கு அதிகம் பயந்தேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

சில கிழமைகள் கழித்துப் படுவான்கரைச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து இக்கரைக்கு வந்தது. எங்கள் மைதானத்திலும் கூடாரங்கள் போட்டார்கள். தயாளினியின் தகப்பன் என் வீட்டைத் தேடி வந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. மகள் எங்கே என்று கேட்டார். சொன்னேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்: "அங்க கடல் இரிக்கா டீச்சர்?"

இல்லை, மலைதான் என்றேன்.

"அப்ப இரிக்கட்டும்" என்றார். பிறகுதான் கௌரியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னார். கிணற்றடியில் நின்றவளை, ஈர உடுப்போடு. அக்கா வானுக்குப் பின்னால் ஓடி, விழுந்து, எழும்பி, மறுபடி ஓடினாளாம். அக்காவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று என்னைக் கேட்டார்.

நான் செய்தது சரியா பிழையா என்று நீங்கள் கேட்பீர்கள். அணியில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் பொறுப்பு என்று பயிற்சிக் கலாசாலையில் சொல்லித்தருவார்கள். அது உண்மை. அணிக்கு வெளியே நிற்கும் பிள்ளையைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கும் தெரியாது. அந்த வருஷத்துக்குப் பிறகு, யாராவது ஒருவரை நான் காப்பாற்றிவிட்டேன் என்று யார் சொன்னாலும், அந்த வரிசையில் அடுத்து நின்றது யார் என்றுதான் என் புத்தி போகும். உங்களுக்கும் அப்படிப் போகவேண்டும் என்றே விரும்புகிறேன். அது நிம்மதியைக் கெடுக்கும், ஆனாலும் போகட்டும்.

யுத்தம் முடிந்தது. முகாம்களில் இருந்து, புனர்வாழ்வு நிலையங்களில் இருந்து பிள்ளைகள் திரும்பினார்கள். கௌரி வரவில்லை. கண்டியில் படித்து முடித்த தயாளினி அந்த வருஷம் ஊருக்கு வந்தாள். தகப்பனோடு சில நாள் இருந்துவிட்டு என்னிடம் வந்து, கௌரியின் தாயான மாமியின் வீட்டுக்குப் போகவேண்டும், தனியே போகப் பயமாக இருக்கிறது, கூட வருவீர்களா என்று கேட்டாள். அந்த வீட்டுப் படியேற எனக்கும் பயம்தான். ஆனாலும் போனேன்.

ஓடத்தில் அக்கரை சேர்ந்தோம். வீட்டில் மாமி நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தயாளினியைக் கண்டதும் கையில் இருந்ததை வைத்துவிட்டு நின்றார். கௌரி இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று அளப்பது போலப் பார்த்தார்.

"நீ கண்டிக்குப் போற நாளை அவங்களுக்குச் சொன்னது நான்தான் மனே" என்றார். குரலில் அழுகை இல்லை. "கௌரியை விடுவாங்க எண்டு நினைச்சுச் சொன்னன்."

"தெரியும் மாமி" என்றாள் தயாளினி. "முதல் நாள் வந்தப்ப அப்பா வட்டைக்குப் போயிருந்தார். உங்களுக்கு மட்டுந்தானே சொன்னன்."

மாமி என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீங்க என்ன செய்வீங்க டீச்சர்" என்றார். "உங்கட பஸ்ஸில இருந்த புள்ளையை நீங்க பாத்தீங்க. எண்ட வீட்டுப் புள்ளையை நான் பாத்தன்."

அவர் மறுபடி குந்தி நெல்லைத் துழாவத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தயாளினியும் எதிரில் குந்திக் கைவைத்தாள். நான் ஒரு மரத்தடியில் நின்றேன். வெயில் சாய்ந்ததும், கடைசி ஓடம் போய்விடும், புறப்படுவோமா என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க போங்க டீச்சர்" என்றாள். "நான் இங்க நிக்கிறன்."

எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

துறைக்குத் தனியாக நடந்து வந்தேன். பாதையில் ஒருவரும் இல்லை. பின்னால் ஒரு வாகனம் வரும் சத்தம் கேட்டது. யுத்தம் முடிந்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ஓரமாக ஒதுங்கி, அது என்னைத் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.